மூன்றாம் சாட்சி

நாடாவை அவிழ்த்ததும் தாள்களிலிருந்து ஆற்றுமண் வாசனை எழுந்தது.

அப்படித் தோன்றியிருக்கலாம். வெளியே கண்டி முழுவதும் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

"மெதுவாத் திருப்புங்க மிஸ். தாளு ஒடிஞ்சிரும்" என்றாள் காப்பகத்துப் பெண்.

நாடாவை அவிழ்த்தவள் தலையாட்டினாள்.

மரண விசாரணைக் கோப்புகள். எண்பது ஆண்டுகளுக்கு முன் இந்த மலைகளில் திடீரென்று இறந்துபோனவர்கள் எல்லோரும் இங்கே இருந்தார்கள். பாம்பு தீண்டியவர்கள். மரம் சாய்ந்து விழுந்தவர்கள். மண்சரிவில் தூக்கம் கலையாமலே போனவர்கள்.

அவள் தேடியது தாத்தாவை. அம்மாவின் அப்பா, வீரமலை.

"காய்ச்சல்ல போயிட்டாரு" என்பாள் அம்மா. அதற்கு மேல் ஒரு சொல் வராது. பெரியம்மாதான் ஒருமுறை வாய் தவறி, ஆற்றோடு போனவர் என்றாள்.

தாத்தா இந்தியாவில் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்தால் போதும். அதற்காகத்தான் வந்திருந்தாள்.

கிடைத்தது. வீரமலை, தோட்டத் தொழிலாளி. ஆற்றில் மூழ்கி மரணம். சொந்த ஊர், துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம்.

கோப்பை மூடியிருக்கலாம்.

பக்கத்தைத் திருப்பினாள்.

மூன்றாம் சாட்சி: மருதாயி. இறந்தவரின் மகள். வயது எட்டு.

அம்மா.

ஓரத்தில் ஒரு கட்டைவிரல் பதிவு. புளியங்கொட்டை அளவுதான் இருந்தது.

மருதாயி சொன்னதை யாரோ மொழிபெயர்த்து, வேறு யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். வாசிக்க வாசிக்க ஆங்கிலம் கரைந்தது. மழைச் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்.

ஆத்துல தண்ணி மொள்ளப் போனேன். காலு வழுக்கிருச்சு. அப்பா குதிச்சு என்னயத் தூக்கிக் கரையில விட்டாரு.

கொடம் போயிருச்சு.

அம்மா அடிக்கும்னு அழுதேன்.

அப்பா மறுபடி எறங்குனாரு.

கீழே, அதிகாரியின் கேள்வி. குடத்தை எடுத்து வரச் சொன்னது நீயா?

பதில் இல்லை. சாட்சி அழுகிறாள். சாட்சி வெளியே அழைத்துச் செல்லப்பட்டாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வராந்தாவில் ஈரப் பாவாடையோடு யாரோ நிற்பது போலிருந்தது. எழுந்து போய்த் தலை துவட்டிவிட வேண்டும் போலிருந்தது. அவளைவிட ஐம்பது வயது சின்னவளாக இருந்தாள் அம்மா.

அடுத்த தாளில் தீர்ப்பு. ஒரே வரி.

விபத்து. யார் மீதும் பழியில்லை.

அன்று அந்தத் தீர்ப்பை வாசித்தபோது மருதாயி அறைக்குள் இல்லை. பிறகு யாராவது கூப்பிட்டு, அவளுக்குப் புரியும்படி சொல்லியிருப்பார்களா?

வீடு திரும்ப ஹட்டன் பஸ்ஸில் சன்னலோர இடம் கிடைத்தது. கினிகத்தேனை தாண்டியதும் பனிமூட்டம் ரோட்டை மூடியது. பஸ் எதன் மேலோ மிதந்து போவது போலப் போனது.

அரைத் தூக்கத்தில் தம்பியின் செருப்பு வந்தது. சின்ன வயதில் ஒரு மழைநாள். லயத்து வீடுகளின் முன் ஓடும் கானில் மழைத்தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போனது. பிடிக்க ஓடியவனை அம்மா சட்டையோடு பற்றி இழுத்தாள். தையல் பிரிந்தது.

"போனாப் போகுது. விடுடா! போனாப் போகுது!"

ஒரு செருப்புக்கு ஏன் அப்படிக் கத்தினாள் என்று அன்று இருவருக்கும் விளங்கவில்லை.

பஸ்ஸில் அவள் மடி கனத்தது. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று படுத்திருப்பது போல. கண்ணைத் திறக்காமல் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் வந்தபோது அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். சன்னலுக்கு வெளியே தேயிலை மலை பனியில் பாதி அழிந்திருந்தது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கண்டியில தாத்தாவோட விசாரணைய வாசிச்சேம்மா."

போர்வையை நீவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"நீங்க சொன்னதும் அதுல இருக்கு."

அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது விபத்துதானாம். யாரு மேலயும் பழி இல்லன்னு அந்தத் தொரை எழுதியிருக்காரு. ஒங்க மேலயும் இல்லம்மா. அதச் சொல்றப்ப ஒங்கள வெளிய கூட்டிட்டுப் போயிட்டாங்க."

பனி சன்னல் கம்பி வரை வந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் உதடுகள் இரண்டு மூன்று முறை அசைந்தன. தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது பேசினாள்.

"மறுபடி எறங்குறப்ப அப்பா என்னயத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு புள்ள. பயப்படாதேங்கிற மாதிரி. அந்தத் தொரை அதக் கேக்கவே இல்ல."

அம்மாவின் குரல் எங்கிருந்தோ வந்தது.

"அத எழுதியிருக்காங்களா?"

அவள் ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்ப வாசித்திருந்தாள். எந்தத் தாளிலும் அது இல்லை.

"எழுதியிருக்காங்கம்மா."

அம்மா மெல்லத் தலையணையில் சரிந்தாள். கண்களை மூடிக்கொண்டாள்.

"வாசி. கேக்குறேன்."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். வெறும் கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.