ரப்பர் துகள்

“குப்பை அள்ள வந்தாச்சா?” என்று சிரித்தபடி நூலகக் கதவைத் திறந்தாள் நெரிஸ்.

“அதுக்குத்தானே அறுபது மைல் ஓட்டிட்டு வரேன்!” மழைக்கோட்டை உதறினான் ஆல்வின்.

வேல்ஸின் அந்தப் பழைய தேவாலய நூலகத்தில் எண்ணூறு வருடத்துப் பைபிள் ஒன்று இருந்தது. அதன் தோல் தாள்களை ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்வது அவள் வேலை. உதிர்ந்த துகள்களைத் தாளுக்கு ஒரு குப்பியாக வாங்கிப் போய், எந்த விலங்கின் தோல் என்று ஆய்வகத்தில் கண்டுபிடிப்பது அவன் வேலை. வியாழன்தோறும் வருவான்.

“முதல் நாள் என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலை ஒளிச்சு வெச்சீங்களே!”

“பின்னே? நகக்கண் அளவுகூட வெட்ட விடுவேனா? ஆனா, ஊதித் தள்ற தூசியில இருந்து கன்னுக்குட்டி, வெள்ளாடுன்னு பிரிச்சுச் சொன்னீங்க பாருங்க, இப்ப நினைச்சாலும் சிலிர்க்குது.”

“நாற்பதாவது தாள் மட்டும்தான் வெள்ளாடு. கன்னுத் தோல் தீர்ந்திருக்கும்.”

“பாவம், பைபிள் எழுதின மடத்து ஆடு மாட்டிக்கிச்சு!”

இருவரும் சிரித்தார்கள். ஆல்வின்தான் முதலில் நிறுத்தினான்.

“அறிக்கை எழுதணும், நெரிஸ். இன்னிக்குத்தான் கடைசி.”

அவள் ஒரு புதுக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். “இனிமே வரமாட்டீங்களா? இதோ, இன்னொரு குப்பி எடுத்து வெச்சிருக்கேனே...”

“ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்த தாள்னு சொல்லி, வாரம் ஒண்ணா நாலு குப்பி கொடுத்தீங்களே, அதுலதான் சிக்கல். கன்னும் இல்லை, ஆடும் இல்லை.”

“பின்னே?”

“மனுஷத் தோல்.”

நெரிஸின் முகம் வெளுத்தது.

“புத்தகத்துல இருக்கறது நூற்றுப் பதினெட்டே தாள். நீங்க கொடுத்த குப்பி நூற்று இருபத்திரண்டு. வெறும் மேசையில ரப்பரைத் தேய்ச்சா, தேய்ச்ச விரலோட தோல்தான் ஒட்டும்.”

வெளுத்த முகம் காது வரை சிவந்தது.

“எப்பத் தெரியும்?” என்றாள் தலை நிமிராமல்.

“அந்த நாலுல முதல் குப்பியிலயே.”

“அப்புறமும் ஏன் சொல்லலை? அறிக்கை கெட்டுப்போயிருக்குமே!”

“எழுதணும்னு சும்மா சொன்னேன். அறிக்கை போன மாசமே போயாச்சு” என்ற ஆல்வின், மேசையிலிருந்த புதுக் குப்பியை எடுத்து அதன்மேல் ‘123’ என்று கவனமாக எழுதினான். “அடுத்த வியாழன் எத்தனை மணிக்கு வரட்டும்?”