வாசல் வரை

"இன்னைக்காவது உள்ள வாங்களேன்" என்றாள் அவள், ஸ்கூட்டரிலிருந்து இறங்கிக்கொண்டே.

பஸ் ஓட்டுநரான அவள் கணவர் ஆலய வாசலில் வண்டியை ஓரம்கட்டிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

பத்தொன்பது வருடமாக ஞாயிறுதோறும் இதே கதைதான். அன்று ஆறு வயது மகன் காய்ச்சலில் கிடந்தபோது, சோறு தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் ஆலயத்திலேயே பழியாய்க் கிடந்தவர் அவர். பையன் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்து வெளியே வந்தவர், அதன் பிறகு அந்தப் படியை மிதித்து அவள் பார்த்ததில்லை. ஆனால் மனைவியைக் கொண்டுவந்து விடவும் கூட்டிப்போகவும் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் கட்டில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள். அவர் ஒருநாள் தன்னோடு உள்ளே வருவார் என்று கர்த்தர் தனக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். கூட வேலை செய்பவர்கள் கல்லில் நார் உரிக்கிறாய் என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த விரிப்பை எடுப்பாள்.

மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. "பத்தொன்பது வருஷம்மா. போதும்னு உனக்கே தோணலையா?"

"வேதத்துல வாக்கு வாங்கினவங்க எத்தனை பேரு அதைக் கண்ணால பாத்தாங்க? தூரத்துல பாத்து சந்தோஷப்பட்டுட்டுப் போய்ச் சேர்ந்தாங்க. எனக்கு மட்டும் என்னடி அவசரம்?"

அந்த வியாழக்கிழமை மதியம், இஸ்திரி மேசைமேலேயே சரிந்தாள். மாரடைப்பு. பஸ்ஸைப் பாதி வழியில் இன்னொரு ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஓடிவந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள், காலையில் அவள் தேய்த்து அடுக்கிய விரிப்பால்.

வெள்ளிக்கிழமை, பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கி அவர் ஆலயத்துக்குள் வந்தார். அதைப் பார்த்ததும் மகளுக்கு அடக்கிவைத்ததெல்லாம் உடைந்தது.

"இப்பதான் வழி தெரிஞ்சுதாப்பா? அம்மா உயிரோட இருந்தப்ப ஒரே ஒரு தடவை வந்திருக்கக் கூடாதா?"

அவர் தோள் மாற்றாமல் பெட்டியைப் பீடத்தின் முன்வரை சுமந்தார். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கலைந்த பிறகும், கையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் அங்கேயே நின்றார்.

வீட்டுக்குப் புறப்பட்ட மகளைப் போதகர் தனியே அழைத்தார். சொல்வதா வேண்டாமா என்று சற்றுத் தயங்கினார்.

"அப்பாவை ஒண்ணும் சொல்லாதேம்மா. நாலு மாசமா செவ்வாய்க்கிழமை தவறாம, டியூட்டி முடிஞ்சு வந்து ஆலயத்துல தனியா ஜெபம் பண்ணிட்டுப் போறார். உங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு என்கிட்ட வாக்கு வாங்கியிருந்தார். நாளை மறுநாள் உன் தம்பி பிறந்தநாளாமே. அன்னைக்கு உங்க அம்மா கையைப் புடிச்சுக்கிட்டு உள்ள வரணும்னு இருந்தார்."