கம்பு விழும் சத்தம்

இரண்டாவது முறையும் கம்பு விழுந்தது.

தச்சர் பார்க்கவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, தன் செருப்பையே பார்த்தபடி நின்றிருந்தார். சத்தத்தை வைத்தே தெரிந்துவிட்டது.

உயரம் தாண்டுதலில் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். நூற்று நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டினால் அவர் மகளுக்கு அணியில் இடம் உண்டு. இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மைதானத்தின் நடுவில் அவள் விழித்துக்கொண்டு நின்றாள். பதினைந்து வயது. வீட்டில் தினமும் தாண்டுகிற உயரம்தானே, இங்கே மட்டும் என்ன வந்தது என்று அவள் குழம்புவதாக அவருக்குத் தோன்றியது.

உண்மையில் அவள் ஒரு நாளும் அந்த உயரத்தைத் தாண்டியதில்லை. அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருஷம் இதே மைதானத்தில், முதல் உயரத்திலேயே மூன்று தடவையும் கம்பைத் தள்ளிவிட்டாள். கடைசித் தடவை கம்போடு சேர்ந்து உருண்டாள். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? மறுநாளே பள்ளிக்கூடத்தில் 'உருட்டுக்கட்டை' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஷூவைத் தூக்கிப் பரணில் எறிந்தாள். முகம் கொடுத்துப் பேசவே நாலு மாசம் ஆயிற்று.

அப்படிப்பட்டவள் ஒரு நாள், மறுபடி தாண்டிப் பார்க்கிறேன் என்றாள். தச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாருக்கோ செய்துகொண்டிருந்த அலமாரியை அப்படியே போட்டுவிட்டு, தூக்கி வைக்கத் தோதாக அடிப்பலகையோடு இரண்டு கம்பங்கள் செய்தார். டேப்பைப் பிடித்து அளந்து, பென்சிலால் கோடு கோடாக உயரத்தைக் குறித்தார். கொல்லையில் நிறுத்தி, பின்னால் பழைய மெத்தைகளைப் போட்டார்.

பட்டறை டேப்பின் முனை எப்போதோ முறிந்துபோனது. முதல் ஐந்து சென்டிமீட்டர் அதில் கிடையாது. அது நூறு என்று காட்டினால் தொண்ணூற்றைந்துதான். அதைச் சரிக்கட்டி அளப்பது அவருக்குக் கைப்பழக்கம். இருபது வருஷத்தில் தவறியதில்லை. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டார். எல்லாக் கோடுகளும் ஐந்து சென்டிமீட்டர் கீழே உட்கார்ந்துவிட்டன.

அன்று சாயங்காலமே, தன்னை உருட்டிவிட்ட உயரத்தைத் தாண்டிவிட்டதாக அவள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரி ஓடி வந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தச்சருக்கு டேப் ஞாபகம் வந்தது. எதிரே அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். எந்த அப்பனுக்கு மனசு வரும்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அந்த நாளை ஆறு மாசமாக வரவேயில்லை.

சாயங்காலம் அவர் எதிரில் அலட்டிக்கொள்ளாமல் தாண்டுவாள். விடியற்காலையில் தனியாகப் பழகும்போதுதான் கொல்லையிலிருந்து கம்பு விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள்வார். கொஞ்ச நாளாக அந்தச் சத்தமும் நின்றுபோயிருந்தது. போட்டி நெருங்குகிற நேரத்தில் இப்படிச் சோம்பல் பிடித்துவிட்டதே என்று வருத்தப்பட்டார். ஆனால் அதட்டிக் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று இருந்துவிட்டார்.

இப்போது அவள் வேலியை நோக்கி வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

சொல்லிவிடுவது என்று தச்சர் முடிவு செய்தார். தோற்றது நீ இல்லை, என் கோடுதான் என்று அவளுக்குத் தெரியட்டும். இன்னொரு வருஷம் பரணில் ஷூ கிடப்பதை அவரால் பார்க்க முடியாது.

"பாப்பா, வீட்ல நான் போட்ட கோடு இருக்குல்ல..."

அவர் தோளில் தொங்கிய தன் பையிலிருந்து துண்டை உருவி அவள் முகத்தைத் துடைத்தாள்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்ப்பா. ரெண்டு தடவையும் நீங்க தரையைத்தான் பாத்துட்டு இருந்தீங்க. அதைப் பாத்தா எனக்குக் கால் நடுங்குது. என்னைப் பாருங்கப்பா."

துண்டை அவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பி ஓடினாள்.

துண்டைப் பைக்குள் தள்ளினார். உள்ளே கையில் ஏதோ கட்டியாக இடித்தது.

இரண்டு மரத்துண்டுகள். அலமாரிக்கு வாங்கிய மரத்தில் மிஞ்சியவை. ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். தடிமனைப் பார்க்க அவருக்கு டேப் தேவையில்லை, கட்டைவிரலே போதும்.

சரியாக ஐந்து சென்டிமீட்டர்.

ஒன்றை வெளியே எடுத்தார். அடியில் கொல்லை மண் காய்ந்து ஒட்டியிருந்தது. மேலே கம்பத்தின் அடிப்பலகை அழுந்திய தடம். பக்கவாட்டில் அவளுடைய குண்டுக் கையெழுத்தில், பென்சிலால், ஒரு தேதி.

கம்பங்களை அவர் நிறுத்திய நாளுக்கு மறுநாள்.

பட்டறையில் தவழ்ந்து வளர்ந்த பெண். அந்த டேப்பை அவளுக்குத் தெரியாதா? விடியற்காலையில் கம்பங்களுக்கு அடியில் வைத்து, சாயங்காலம் அப்பா வருவதற்குள் எடுத்து இந்தப் பையில் ஒளித்திருக்கிறாள். ஆறு மாசமாக.

நடுவர் கொடியை அசைத்தார். அவள் ஓடத் தொடங்கினாள்.

தச்சர் மரத்துண்டை இறுகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

கொஞ்ச நாளாக விடியற்காலையில் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது. கம்பு விழும் சத்தமே இல்லை.