பதினாலு தடவை

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் வீட்டிலிருந்தபடியே கடைகளுக்கு லோகோ வரைந்து கொடுப்பவள் ஜெனிஷா. மஸ்கட்டில் பேக்கரி திறக்கப்போகும் ஒருவர்தான் அவளுடைய முதல் வெளிநாட்டு வாடிக்கையாளர். அவருக்கு லோகோவை மின்னஞ்சலில் அனுப்பியபோது, அதை யாராவது திறந்தால் உடனே காட்டிக்கொடுக்கும் வசதியையும் சேர்த்திருந்தாள்.

"பாத்தியளா? மூணு நாள்ல பதினாலு தடவை திறந்திருக்காரு. ஒரு வரி பதில் இல்ல!"

"வேலையா இருப்பாருட்டி, பொறு" என்றான் கணவன் எபிசன்.

"பதினாலு தடவை பாக்க நேரம் இருக்கு, பதில் போட நேரம் இல்லியா? வரைஞ்சத காப்பியடிக்காராக்கும்!"

எபிசன் தடுப்பதற்குள் எழுதி அனுப்பிவிட்டாள்.

'ஐயா, என் லோகோவைப் பதினாலு முறை பார்த்த களைப்பில் இருப்பீர்கள். நகலெடுத்து முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாழ்த்து அனுப்புகிறேன்.'

அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

'மேடம், கண் ஆபரேஷன் முடிந்து இன்றுதான் கம்ப்யூட்டரைத் தொட்டேன். முதலில் படித்தது இந்தக் கடிதத்தைத்தான். உங்கள் லோகோவை இன்னும் திறக்கவில்லை. இனித் திறப்பதாகவும் இல்லை.'

ஜெனிஷாவுக்கு முகம் வெளிறியது. "அப்போ, இத்தனை தடவை திறந்தது யாராக்கும்?"

எபிசன் லேப்டாப்பைத் திருப்பி, திறந்தவர்களின் விவரத்தைத் தேடிப் பார்த்தான்.

"பதினாலும் நம்ம வீட்டு இன்டர்நெட்லேருந்துதான். நீ அனுப்பின மெயில நீயே திறந்து திறந்து பாத்திருக்க."

ஜெனிஷா லேப்டாப்பை மெல்ல மூடப்போனாள்.

"மன்னிப்பு கேட்டு ஒண்ணு எழுது. அவரு திறக்கலேன்னா கவலைப்படாத, அதையும் நீயே பத்து தடவை வாசிச்சு உன்னை மன்னிச்சிரு."