அப்பாவுக்கும் பழசுக்கும் இடையில்

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளைக் கணினித் திரையில் சாய்த்துப் போட்டிருக்கிறது. தூசி பொன்னாக மிதக்கிறது. 'அப்பா' என்ற கோப்புறையில் இருப்பது மறைந்த அப்பாவின் குரல். 'அப்பா பழசு' என்பதில் வேண்டாத நகல்கள். பழசை அழிக்க, அதன் பெயரை ஒரு மாறியில், அதாவது பெயருக்குப் பதிலாக நிற்கும் சொல்லில், வைத்துக் கட்டளை எழுதிவிட்டான் தம்பி. விரல் என்டர் மேல் இறங்குகிறது.

"இருடா!" அக்கா மணிக்கட்டைப் பிடிக்கிறாள். "மாறியைச் சுத்தி மேற்கோள் குறி எங்கே? பேருக்கு நடுவுல இடைவெளி இருக்கு. 'அப்பா', 'பழசு'ன்னு ரெண்டு பேரா உடைஞ்சிடும். பழசு அப்படியே இருக்கும், அப்பா போயிடுவார்."

அவன் இரட்டை மேற்கோள் குறி இடுகிறான். என்டர். பழசு மட்டும் போகிறது. மிஞ்சியதை மெல்லத் திறக்கிறான்.

"ரெக்கார்டு ஆகுதா?" பதிவில் செருமிக்கொண்டே கேட்கிறார் அப்பா.

"ஆகுதுப்பா," என்கிறாள் அக்கா, திரையைப் பார்த்து.