முப்பத்தெட்டு வளைவுகள்

"இது காரா மச்சான்? கைக்குழந்தைக்கு வாங்கின நடைவண்டி!"

லோரிஸின் புதுக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இவானோ சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

லோரிஸ் சிரித்தான். மருந்துக்கடைக்காரன். இவானோ அவன் அக்கா நிவெஸின் புருஷன். இருபத்தைந்து வருஷமாகக் கேட்டுப் பழகிய கேலி.

"ஏறுங்க அத்தான். மலைக்குப் போயி சாப்பிட்டுட்டு வரலாம்."

ஊரைத் தாண்டுவதற்குள் கார் நாலு தடவை 'பீப்' என்றது. ரோட்டுக் கோட்டைத் தொட்டால் ஒன்று. வேகம் கூடினால் ஒன்று. லோரிஸ் கொட்டாவி விட்டதற்கும் ஒன்று. 'காபி குடிக்கலாமே' என்று திரையில் எழுத்து வேறு.

"உன் அக்காகூட இவ்வளவு அதட்ட மாட்டா."

"வீட்டுக்குப் போயி சொல்லிடறேன்."

"நானே சொல்லிட்டேன். அதான் உன்கூட அனுப்பிட்டா. ஏன்டா, ஸ்டியரிங் தானா திரும்புது, பிரேக் தானா புடிக்குது. நீ எதுக்கு உள்ள இருக்கே? பெட்ரோல் போடவா?"

"ஆமா. அதுக்கு மட்டும்தான் என்னைக் கூப்பிடுது."

"ஓட்டுற சுகமே போச்சுடா. முப்பத்திரண்டு வருஷம் இதே மலையில பொலோன்யா டவுனுக்குப் போற பஸ்ஸை ஓட்டினவன் சொல்றேன். வண்டி நம்ம உள்ளங்கையில பேசணும். இது என்னடான்னா, நம்மள வாயைத் தொறக்க விடாம அதுவே பேசுது!"

இவானோ சொன்னதில் பொய்யில்லை. ஆனால் ஜனவரியில் அவனுடைய பழைய கார் பனியில் வழுக்கி, பாலத்துச் சுவரில் மோதி நொறுங்கியிருந்தது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து எட்டு மாதமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டால், "ஓட்டுற மாதிரி காரை இப்ப எவன் செய்யறான்?" என்பான். ரொட்டி வாங்க இரண்டு கிலோமீட்டர் நடந்தே போய் வந்தான்.

மலையேற்றம் தொடங்கும் இடத்தில் லோரிஸ் காரை ஓரங்கட்டினான்.

"வாய் கிழியப் பேசறீங்களே. நீங்க ஓட்டுங்க."

"நானா? இதையா?"

"எல்லாத்தையும் அணைச்சுடறேன். பீப்பு கிடையாது, புடிச்சு இழுக்கறது கிடையாது. உங்க பழைய கார் மாதிரியே."

திரையில் நாலைந்து இடத்தில் விரலால் அழுத்தினான். இறங்கிச் சுற்றி வந்து, இவானோ பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றான்.

"எனக்குப் பசிக்குது மச்சான். நீயே ஓட்டேன்."

"பசிக்குதுன்னா சீக்கிரம் ஓட்டுங்க."

முதல் வளைவில் இவானோவின் கழுத்தெல்லாம் வேர்வை. இரண்டாவதில், மூச்சிரைக்க மிதித்து வந்த சைக்கிள்காரர் ஒருவர் அவனை முந்திக்கொண்டு போனார். லோரிஸ் நேரே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டாவதில் விறைத்திருந்த தோள் தளர்ந்தது. பத்தாவதில் விசில் கிளம்பியது. இருபதாவதில் கண்ணாடியை இறக்கி, எதிரே வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினான். அந்த டிரைவர் அவனை அடையாளம் கண்டு, மலையே எதிரொலிக்க ஹாரன் அடித்தான்.

முப்பத்தெட்டும் முடிந்து, உச்சியில் சாப்பாட்டுக் கடை வாசலில் நிறுத்தியபோது இவானோவின் கண் கலங்கியிருந்தது.

"காத்து," என்றான். "பாத்தியா மச்சான்? மெஷினை அணைச்சா மனுஷன் ஓட்டுவான்!"

"ஒத்துக்கறேன் அத்தான்."

காளான் போட்ட பாஸ்தாவை இரண்டு தட்டு காலி செய்துவிட்டு, இறங்கும்போதும் அவனே ஓட்டினான். இந்தக் காலத்துக் கார்களைப் பற்றி வழிநெடுகப் பிரசங்கம். லோரிஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தான்.

வாசலில் நின்றிருந்த நிவெஸ், புருஷன் டிரைவர் சீட்டிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். 'எல்லாத்தையும் அணைச்சுட்டு அத்தானே ஓட்டினாருக்கா' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய தம்பியின் கார் தெருமுனை திரும்பும்வரைதான் அவளால் பொறுக்க முடிந்தது.

"நிஜமாவா? எல்லாத்தையும் அணைச்சுட்டா ஓட்டினீங்க?"

"உன் தம்பி அப்படித்தான் சொன்னான்."

"சொன்னான்னா?"

இவானோ குனிந்து ஷூவைக் கழற்றினான்.

"அவன் அணைச்சது சத்தத்தை மட்டும்தான். மூணாவது வளைவுல நான் கோட்டைத் தாண்டினப்ப, ஸ்டியரிங் மெள்ள என் கையைப் புடிச்சு உள்ள இழுத்துச்சு. ஏழாவதுல இன்னொரு தடவை. எனக்கா தெரியாது?"

"அப்பவே கேக்க வேண்டியதுதானே அவனை?"

"கேக்கலாம்னுதான் திரும்பினேன் நிவெஸ். எங்கே நான் கண்டுபுடிச்சிடுவேனோன்னு, அந்தப் பய மூச்சுகூட விடாம உக்காந்திருந்தான்!"