ஓர் அலகு அகலம்

பெண் பறவைகளுக்கு இலைச்சட்டை தைத்தே காடு முழுக்கப் பேர் எடுத்த தையல்சிட்டு ஒன்று இருந்தது. எந்தச் சட்டையானாலும் உள்பக்கம் ஓர் அலகு அகலத்துக்கு இலையை மடித்து விட்டுத்தான் தைக்கும். "பொம்பளைக்கு உடம்பு என்ன, என்னைக்கும் ஒரே மாதிரியா இருக்கும்? வேணும்கிறப்போ பிரிச்சு விட்டுக்கட்டும்" என்று சொல்லும்.

உடை அணிவகுப்பு நடத்தும் மயில், சிட்டு தைத்த புதுச் சட்டையைப் புரட்டிப் பார்த்து முகம் சுளித்தது. "ஏம்மா, இடுப்பு தடிமனாத் தெரியுதே. உள்ளே இருக்கிறதை வெட்டிடு, உனக்குத்தான் முதல் பரிசு."

ஐந்து வருஷமாகச் சிட்டு ஏங்கிக் கிடந்த பரிசு அது. "வெட்ட மாட்டேன் ஐயா" என்று சட்டையைச் சுருட்டிக்கொண்டு பறந்துவிட்டது.

அடுத்த மாதம் மயிலின் மனைவியே தேடி வந்தது. "சிட்டக்கா, முட்டையிடப் போறேன். கல்யாணத்துக்கு நீங்க தைச்ச சட்டை பத்தலை. கொஞ்சம் பிரிச்சு விடுங்க."

சிட்டு சட்டையைத் திருப்பிப் பார்த்தது. உள்ளே விட்டிருந்த இலையைக் காணோம். "யார் வெட்டினது?"

பெண்மயில் தலை குனிந்தது. "அவர்தான். அப்பதான் எடுப்பா இருக்கும்னார்."

சிட்டு புது இலை பறித்து வந்து தைக்க உட்கார்ந்தது.

"இதையும் வெட்டிட்டார்னா?"

"மறுபடி தைப்பேன்" என்ற சிட்டு, இந்தத் தடவை இரண்டு அலகு அகலம் விட்டது.